கோடு கிழிப்பவன் யார்?

எங்காவது ஒரு குண்டு வெடித்தால் நம் சமுதாயத்தின் முன் இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. முதல் கேள்வி வெளியிலிருந்து வருகிறது. "ஏன் நீங்களெல்லாம் இப்படி இருக்கிறீர்கள்?" என்று பேருந்திலும் அலுவலகத்திலும் கடை வாசலிலும் கேட்கிறார்கள். இதற்கு நம்மிடம் பதில் இருக்கிறது. எவனோ ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு சமுதாயத்தையே கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம் என்று திருப்பிக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும், கேட்டுக்கொண்டே இருப்போம்.

இரண்டாவது கேள்வி வீட்டுக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில் வருகிறது. "நம்ம பிள்ளையா? நேற்றுவரை நம்மோடு ஸஃப்பில் நின்று தொழுத பையனா? இவன் எப்படி இப்படிப் போனான்?" இதற்கு நம்மிடம் பதில் இல்லை. தேடிப் பார்க்கவும் துணிவில்லை. தேடினால் எதிரியின் கையில் ஆயுதத்தைக் கொடுத்ததாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்தில் நாம் மௌனமாக இருக்கும் நேரத்தில் வேறு எவனோ நம் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருக்கிறான். எனவே இந்த இதழில் அந்த இரண்டாவது கேள்வியைக் கையில் எடுக்கிறோம்.

ஏழ்மையா? பழிவாங்கலா?

2019 ஏப்ரல் 21. ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று நட்சத்திர ஹோட்டல்கள் என்று அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள். நாம் பேசும் இதே தமிழைப் பேசிய குழந்தைகள்.

செய்தவர்கள் யார்? படிப்பறிவில்லாதவர்களா? ஒருவன் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்துத் திரும்பியவன். வயிற்றுக்கில்லாத ஏழைகளா? கொழும்பின் பெரும் செல்வந்தரான வாசனைப் பொருள் ஏற்றுமதி வணிகர் ஒருவரின் இரண்டு மகன்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இருவரும் தொழில் செய்து கொண்டிருந்தவர்கள். மூத்தவனின் செம்புத் தொழிற்சாலைதான் குண்டு தயாரிக்கப் பயன்பட்டது. அன்று பிற்பகல் தெமட்டகொடை வீட்டுக்குப் போலீஸ் வந்தபோது, இளையவனின் மனைவி தன்னையும் தன் மூன்று பிள்ளைகளையும் சேர்த்தே வெடிக்கச் செய்தாள். மூன்று போலீஸாரும் இறந்தனர். பஞ்சமும் படிப்பின்மையும்தான் காரணம் என்று மேடையில் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் இங்கே செல்லாது.

சரி, பழிக்குப் பழியா? இலங்கை முஸ்லிம்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் ஒன்றிரண்டல்ல. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கட்டிய துணியோடு விரட்டினர். போர் முடிந்த பிறகு, 2014இல் அளுத்கமையிலும் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் சிங்களப் பேரினவாதக் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தன. இத்தனையும் உண்மை.

ஆனால் இவற்றில் எதைச் செய்தவர்கள் அந்த ஈஸ்டர் ஞாயிறன்று ஆலயத்தில் மண்டியிட்டு ஜெபித்துக் கொண்டிருந்தார்கள்? ஒருவரும் இல்லை. அந்த மண்ணில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களைப் போலவே சிறுபான்மையினர். அவர்களுடைய சபைகளும் அதே பேரினவாதிகளால் தாக்கப்பட்டவை. அடித்தவன் ஒருவன், அடிவாங்கியவன் வேறொருவன். இது பழிவாங்கலாகுமா?

2019 மார்ச் 15இல் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பதிலடி இது என்று இலங்கை அமைச்சர் ஒருவர் அப்போது நாடாளுமன்றத்தில் சொன்னார். அதுவும் பொருந்தவில்லை. வனாத்தவில்லுத் தோட்டமொன்றில் இவர்கள் பதுக்கியிருந்த வெடிபொருட்களைப் போலீஸ் கண்டெடுத்தது 2019 ஜனவரியில். கிறைஸ்ட்சர்ச் சம்பவத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே குண்டு தயாராகிக் கொண்டிருந்தது. காரணம் பிறகு தேடிக் கொள்ளப்பட்டது!

அப்படியானால் வசதியும் படிப்பும் குடும்பமும் உள்ள ஓர் இளைஞனை, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத குழந்தைகளின் நடுவே குண்டோடு போய் நிற்க வைத்தது எது?

ஒரு யூதரும் ஒரு துருக்கியரும்

இந்தக் கேள்வியோடு வாழ்நாளைக் கழித்த இரு அறிஞர்களைப் பற்றி நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் ஹென்றி தாஜ்ஃபெல். 1919இல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். போலந்து யூதர் என்பதை மறைத்து, பிரெஞ்சுக்காரராகவே காட்டிக் கொண்டதால் பிழைத்தார். போர் முடிந்து வந்து பார்த்தபோது குடும்பத்தில் ஏறக்குறைய யாரும் உயிரோடு இல்லை. அண்டை வீட்டார் எப்படி ஜென்ம விரோதிகளானார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். முடிவுகள் 1970இல் வெளிவந்தன.

இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். அதன்படி பிரிப்பதாகச் சொல்லி மாணவர்களை இரு அணியாக்கினார்கள். உண்மையில் அந்தப் பிரிவினை குருட்டாம்போக்கில் செய்யப்பட்டது. தன் அணியில் வேறு யார் இருக்கிறார் என்றுகூட எவருக்கும் தெரியாது. இந்த நிலையில் இரு அணியினருக்கும் சிறு தொகையைப் பங்கிடும் பொறுப்பை ஒவ்வொரு மாணவரிடமும் கொடுத்தார்கள். தனக்கென்று எதுவும் எடுத்துக் கொள்ள முடியாது.

நடந்தது என்ன? பெரும்பாலோர் தன் அணிக்குச் சார்பாகவே பங்கிட்டார்கள். அதைவிட வியப்பு ஒன்று உண்டு. தன் அணிக்கு அதிகத் தொகை கிடைக்கும் வழியை விட்டுவிட்டு, தன் அணிக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர் அணிக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்ற வழியைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். வியாபாரப் பெருமக்களுக்கு இது உடனே புரியும். தன் கடையில் நூறு ரூபாய் லாபம் குறைந்தாலும், எதிர்க்கடைக்காரனுக்கு இருநூறு குறைந்தால் போதும் என்று கணக்குப் போடும் புத்தி! மதமில்லை, மொழியில்லை, பழைய பகையில்லை. 'நாம்', 'அவர்கள்' என்று ஒரு கோடு கிழித்தது மட்டும்தான் நடந்தது.

இன்னொருவர் முஸஃபர் ஷெரிஃப். 1906இல் துருக்கியில் இஸ்மிர் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1919இல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது, சிறுவனாக இருந்த தாம் மயிரிழையில் உயிர் தப்பியதைப் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த துருக்கியரும் கிரேக்கரும் ஒருவரையொருவர் வெட்டிக் கொண்டதைக் கண்ட கண்கள் அவை.

அமெரிக்காவில் பேராசிரியரான ஷெரிஃப், 1954இல் ஓக்லஹோமா மாநிலத்துப் பூங்காவொன்றுக்கு 11 வயது மதிக்கத்தக்க 22 சிறுவர்களைக் கோடை முகாமுக்கு வரவழைத்தார். ஒரே மதம், ஒரே நிறம், ஒரே வசதி கொண்ட வீட்டுப் பிள்ளைகள். இரு குழுக்களாகத் தனித்தனியே கொண்டுவந்து, ஒரு குழு இருப்பது மற்றதற்குத் தெரியாமல் சில நாள் வைத்திருந்தார்கள். ஒரு குழு தனக்குக் கழுகு என்று பெயர் வைத்துக் கொண்டது, மற்றது பாம்பு. பிறகு பரிசுக் கோப்பையைக் காட்டிப் போட்டி வைத்தார்கள். சில நாட்களில் கொடி எரிப்பு, அறைக்குள் புகுந்து சூறையாடல், கைகலப்பு! நல்ல வீட்டுப் பிள்ளைகள் காலுறையில் கல்லைப் போட்டு ஆயுதமாக்கிக் கொண்டார்கள்.

அடுத்து, இரு குழுவும் சேர்ந்தால் மட்டுமே முடியும் வேலைகளைக் கொடுத்தார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் அடைத்துக் கொண்டது. சேர்ந்து தேடிச் சரிசெய்தார்கள். உணவு கொண்டுவரும் வண்டி நின்றுவிட்டது. கயிறு கட்டிச் சேர்ந்து இழுத்தார்கள். அது அவர்கள் போட்டிக்காக எதிரெதிரே நின்று இழுத்த அதே வடக்கயிறு. முகாம் முடிந்து திரும்பும்போது எல்லோரும் ஒரே பேருந்தில்தான் போவோம் என்றார்கள். ஒரு குழு தன் பரிசுப் பணத்தில் மற்றக் குழுவுக்கும் சேர்த்துப் பானம் வாங்கிக் கொடுத்தது.

மறைக்கப்பட்ட தோல்வி

இதுவரை உளவியல் பாடநூல்களில் உள்ளது. நமக்கு மிகவும் தேவையான பாடம் நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1953இல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் இதே போன்ற ஒரு முகாம் நடத்தினார். அது தோற்றுப் போனது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜீனா பெரி பழைய ஆவணங்களைத் தேடி, 2018இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த முகாமில் சிறுவர்களை முதல் சில நாட்கள் ஒன்றாகவே பழகவிட்டுப் பிறகுதான் இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்த பின் சண்டை மூட்டுவதற்கு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒரு குழுவின் துணிகளை மறைத்தார்கள், கூடாரத்தைச் சாய்த்தார்கள், பழியை மற்றக் குழுவின் மீது விழச் செய்தார்கள்.

பிள்ளைகள் ஏமாறவில்லை! எதிர்க்குழுவிடம் நேரே போய்க் கேட்டார்கள். நாங்கள் செய்யவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்ததை நம்பினார்கள். சலவையில் துணி மாறியிருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். சாய்ந்த கூடாரத்தைச் சேர்ந்தே நிமிர்த்தினார்கள். ஆய்வு பாதியில் கைவிடப்பட்டது.

இரண்டு முகாமுக்கும் என்ன வேறுபாடு? 1954இல் முதலில் பிரித்துவிட்டுப் பிறகு மோதவிட்டார்கள், மோதினார்கள். 1953இல் முதலில் பழகவிட்டுப் பிறகு பிரித்தார்கள், மோத மறுத்தார்கள். முன்பே கைகோத்தவனிடம் போய் "நீயா செய்தாய்?" என்று கேட்க முடிகிறது. முகம் தெரியாதவனிடம் கேட்க முடிவதில்லை. அவனைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பத்தான் முடிகிறது.

எனவே ஓர் இளைஞனை வன்முறைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறவனின் முதல் வேலை ஆயுதம் கொடுப்பதல்ல. உறவுகளை அறுப்பது!

முதலில் அறுபடுவது எது?

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். பிற மதத்தவரோடு உள்ள உறவை அறுப்பதுதான் முதல் படி என்று நினைக்கிறோம். இல்லை. முதலில் அறுக்கப்படுவது சொந்த மக்களோடு உள்ள உறவு.

ஈஸ்டர் தாக்குதலின் தலைவன் ஸஹ்ரான் ஹாஷிமின் பாதையைப் பாருங்கள். காத்தான்குடியில் தான் படித்த மதரஸாவிலிருந்து நீக்கப்பட்டான். பின்னர் தன்னோடு இருந்தவர்களோடும் மோதிப் பிரிந்தான். தன்னை ஏற்காத முஸ்லிம்களையெல்லாம் வழிகேடர்கள் என்றான். 2017 மார்ச்சில் அவன் கூட்டம் வாளெடுத்தது யார் மீது? தன் சொந்த ஊரின் சூஃபி முஸ்லிம்கள் மீது! அதன் பிறகுதான் தலைமறைவானான். தேவாலயத்துக்குப் போவதற்கு முன் அவன் தன் மஹல்லாவை விட்டுப் போயிருந்தான். ஊரும் உறவும் மொழியும் கழன்று விழுந்த பிறகு, இராக்கிலும் சிரியாவிலும் இருந்த ஐ.எஸ். கும்பல் கொடுத்த ஒற்றை அடையாளம் மட்டுமே மிஞ்சியது. அந்தக் கும்பல் யாரை எதிரி என்றதோ அவர்களே எதிரி. பக்கத்து ஊர் சீயோன் தேவாலயத்துக் குழந்தைகள் அந்த வரைபடத்தில் குழந்தைகளாகவே தெரியவில்லை.

இது புதியதுமல்ல. நம் வரலாற்றின் முதல் தீவிரவாதிகள் காரிஜிய்யாக்கள். அவர்கள் யாரைக் காஃபிர் என்றார்கள்? ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களை! 661இல் கூஃபாவின் பள்ளிவாசலில் அவர்களை வெட்டியவன் தொழுகையாளிதான்; காரிஜிய்யாக்களில் ஒருவன்தான். சக முஸ்லிமின் ஈமானைத் தராசில் வைத்து நிறுக்கத் தொடங்கியவனின் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

மார்க் சேஜ்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், உலக அளவில் பயங்கரவாத இயக்கங்களில் சேர்ந்த 172 பேரின் வரலாற்றை ஆராய்ந்து 2004இல் நூல் வெளியிட்டார். மனநோயாளிகளை அங்கே தேடிப் பயனில்லை என்றார். பெரும்பாலோர் உள்ளே போனது நட்பு வழியாகவும் உறவு வழியாகவும்தான். தனிமைப்பட்ட சிலர் ஒரு சிறு அறைக்குள் சேருகிறார்கள். ஒருவருக்கொருவர் எல்லாமுமாக ஆகிறார்கள். அறைக்கு வெளியே உள்ள தகப்பன், உஸ்தாத், முதலாளி, நண்பன் எல்லோரும் அந்நியராகிறார்கள். பிறகு அறையில் யார் குரல் உயர்கிறதோ அதுவே மார்க்கம்! இலங்கையிலும் அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்றே சேர்ந்திருந்தார்கள்.

சமுதாயப் பற்று குற்றமா?

அப்படியானால் 'நாம்' என்ற உணர்வே கூடாதா? சமுதாயம் ஒன்றுபடக் கூடாதா? சங்கம் வைக்கக் கூடாதா? சிலர் நமக்கு அப்படித்தான் உபதேசம் செய்கிறார்கள்.

துனிஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (1332-1406) இதைப் பற்றித்தான் எழுதினார். அஸபிய்யா என்ற குழு உணர்வு இல்லாமல் எந்தச் சமூகமும் எழுந்து நிற்காது என்றார். அதே அஸபிய்யாவை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். தன் மக்களை நேசிப்பது அஸபிய்யாவா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, அநியாயத்தில் தன் மக்களுக்குத் துணை போவதே அஸபிய்யா என்று விளக்கிய ஹதீஸ் நம் உலமாக்கள் அறிந்ததே. எல்லை அங்கே தெளிவாக இருக்கிறது. அநியாயத்துக்கு ஆளான சகோதரனுக்காக வீதிக்கு வா, வழக்குப் போடு, வாக்களி, குரல் எழுப்பு. அது கடமை. உன் சகோதரன் அநியாயம் செய்தால் அவன் கையைப் பிடி. அதுவும் கடமை.

இலங்கை முஸ்லிம்கள் அந்த இரண்டாவது கடமையைச் செய்தார்கள் என்பதை உலகம் போதிய அளவு சொல்லவில்லை. ஸஹ்ரானைப் பற்றி முதலில் புகார் செய்தவர்கள் முஸ்லிம்களே. மாவனல்லைச் சிலை உடைப்பு விசாரணைக்கு உதவிய ஒரு முஸ்லிம், 2019 மார்ச்சில் தம் வீட்டிலேயே தலையில் சுடப்பட்டார். ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த எஞ்சிய கும்பலைக் கண்டு போலீஸுக்குத் தகவல் கொடுத்தவர்களும் அந்த ஊர் முஸ்லிம்களே. அங்கே நடந்த வெடிப்பில் ஆறு குழந்தைகள் உட்பட 15 பேர் மாண்டனர். தற்கொலைக் குண்டுதாரிகளை நம் மையவாடியில் அடக்கம் செய்ய ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

ஆனாலும் விலை கொடுத்தது யார்? 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் வட்டாரத்திலும் எரிந்தவை முஸ்லிம்களின் கடைகள். புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் தச்சர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஜூன் 3 அன்று ஒன்பது முஸ்லிம் அமைச்சர்களும் இரண்டு ஆளுநர்களும் பதவி விலக நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நம்பிக்கையை ஒரு சிலர் ஒரு காலைப் பொழுதில் எரித்துவிட்டார்கள்.

கடலுக்கு இந்தப் பக்கம்

இது அக்கரைக் கதை என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். ஸஹ்ரானின் பேச்சுகளோடு தொடர்பு வைத்திருந்ததாகச் சொல்லி 2019 ஜூனில் தேசியப் புலனாய்வு முகமை சோதனையிட்டது கோயம்புத்தூரில். 2022 அக்டோபர் 23 விடியலில் அதே கோவையின் உக்கடத்தில், கோயில் அருகே கார் வெடித்து, அதில் இருந்த இளைஞன் மாண்டான்.

கோவைக்கு இதன் வலி புதிதல்ல. 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றவர்களைப் பிடித்துத் தண்டிப்பதற்குப் பதிலாக, ஒரு சமுதாயமே வேட்டையாடப்பட்டது. 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். சிறுகச் சிறுகச் சேர்த்த கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அந்த 18 குடும்பங்களின் பக்கம் அன்று நியாயம் இருந்தது. நாடே கேட்டிருக்க வேண்டிய நியாயம்.

1998 பிப்ரவரி 14 அன்று என்ன ஆயிற்று? பழி என்ற பெயரில் ஊரெங்கும் குண்டுகள் வெடித்தன. ரயில் நிலையத்தில், அரசு மருத்துவமனை வளாகத்தில், கடைவீதியில். 58 பேர் மாண்டார்கள். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ரயிலுக்குக் காத்திருந்தவனா நவம்பரில் கடையைக் கொளுத்தினான்? மருத்துவமனைக்கு வந்தவனா கத்தியைத் தூக்கினான்? அந்த நாளோடு 18 குடும்பங்களின் அழுகுரல் எவர் காதிலும் விழாமல் போயிற்று. குண்டு வைத்தவன் நம் எதிரியை அழிக்கவில்லை; நம் நியாயத்தைத்தான் அழித்தான்.

அதே கோடு, அந்தப் பக்கம்

இந்த நோய்க்கு மதம் கிடையாது. கிறைஸ்ட்சர்ச்சில் 51 தொழுகையாளிகளைக் கொன்ற ஆஸ்திரேலியன் அந்த நாட்டில் பிறந்தவனே அல்ல. கணினித் திரையின் முன் தனித்திருந்து, வெள்ளை இனம் அழிக்கப்படுகிறது என்ற கதையை நம்பி, தனக்கொரு கூட்டத்தைக் கற்பனையில் கட்டிக் கொண்டவன். பள்ளிவாசல் வாசலில் அவனைச் சகோதரனே என்று அழைத்து வரவேற்ற முதியவரை முதல் ஆளாகச் சுட்டான். அந்த முதியவரோடு ஒரு நாள் தேநீர் குடித்திருந்தால் அவன் கை நடுங்கியிருக்காதா? 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவனும் இந்த வகைதான். அப்போதெல்லாம் 'தனிமனிதன்', 'மனநிலை பாதிக்கப்பட்டவன்' என்று எழுதிய பேனாக்கள், நம் பெயர் வந்தால் மட்டும் மதத்தின் பெயரை முன்னால் ஒட்டுகின்றன. இந்த இரட்டை அளவுகோலைக் கண்டிக்கிறோம்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சம்பவம் நடந்தவுடன் தாடி வைத்தவனையெல்லாம் அள்ளிக் கொண்டு போவது யாருக்கு உதவுகிறது? தடா போனது, பொடா வந்தது. பொடா போனது, உபா நிற்கிறது. கோவை வழக்கில் கேரளத்தின் அப்துந் நாஸர் மஃதனி ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு 2007இல் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். இழந்த ஒன்பது ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்? "பார்த்தாயா, அவர்களுக்கு நாம் எல்லோரும் ஒன்றுதான்" என்று இளைஞனின் காதில் ஓதுகிறவனுக்கு இத்தகைய கைதுகளே ஆதாரமாகின்றன. ஆள்சேர்ப்பவன் கிழிக்கும் கோட்டை அரசாங்கமே தடிமனாக்குகிறது.

நாம் செய்ய வேண்டியது

அரசு திருந்தட்டும் என்று காத்திருக்க முடியாது. நம் கையில் உள்ளதை நாம் செய்வோம்.

ஜமாஅத் பெரியவர்களே! நம் பள்ளிவாசல்களில் இளைஞன் பேச இடம் இருக்கிறதா? ஃபலஸ்தீனைப் பற்றி, பாபரி மஸ்ஜிதைப் பற்றி, புல்டோசரில் இடிபடும் வீடுகளைப் பற்றி அவன் நெஞ்சில் நெருப்பு எரிகிறது. "உனக்கெதற்கு அரசியல்?" என்று நாம் வாயை அடைத்தால், வாய் திறக்கச் சொல்லும் வேறொருவனைத் தேடிப் போவான். மாதம் ஒருமுறையாவது அவனை உட்கார வைத்துக் கேளுங்கள். வழக்கறிஞரை அழைத்து வந்து சட்ட வழியைக் காட்டுங்கள். ஒருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினால், ஏன் வரவில்லை என்று கேட்டு அவன் வீட்டு வாசலுக்குப் போங்கள்.

ஆலிம்களே, இயக்கத் தோழர்களே! நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு, இருக்கட்டும். ஆனால் மாற்றுக் கருத்துள்ள முஸ்லிமை மேடையில் முஸ்லிமே இல்லை என்று முழங்கும்போது, கேட்டுக் கொண்டிருக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு நாம் என்ன பயிற்சி கொடுக்கிறோம்? இந்தக் கேள்வியிலிருந்து எந்த அமைப்பும் தப்ப முடியாது. இந்த ஏடும் தப்ப முடியாது.

வணிகப் பெருமக்களே! தமிழகத்தில் நம்மை இந்த மண்ணோடு பிணைத்து வைத்திருப்பது மேடைப் பேச்சல்ல. உங்கள் கல்லாப்பெட்டியும் கணக்கு நோட்டும்தான். கடனுக்குச் சரக்கு தருகிற செட்டியாரும், கடையில் வேலை செய்கிற மாரியப்பனும், ரமலானில் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வருகிற பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் உள்ளவரை, ஷெரிஃபின் 1953 முகாம் நம் ஊரில் நடந்து கொண்டேயிருக்கும். கூடாரத்தைச் சாய்த்துவிட்டுப் பழியைத் திருப்பிவிட எவன் வந்தாலும், நேரே போய்க் கேட்டுக் கொள்ள ஆள் இருக்கும். வணிகர் சங்கத்திலும் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்திலும் ரத்ததான முகாமிலும் முன்வரிசையில் நில்லுங்கள். நன்கொடை கேட்டு வருகிறவன் யார், பணம் எங்கே போகிறது என்று விசாரித்துக் கொடுங்கள். கொழும்பு வணிகரின் வீட்டில் பணம் மட்டும் போகவில்லை. பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் போனார்கள். விடுதலையாகி வருகிற நிரபராதி இளைஞனுக்கு வேலை தரத் தயங்காதீர்கள். எல்லா வாசலும் மூடியவனுக்குத் திறந்திருக்கும் ஒரே வாசல் எதுவென்று உங்களுக்கே தெரியும்.

இளைஞனே! கடைசியாக உன்னிடம். உன் கோபம் நியாயமானது. அதை அணைத்துவிடு என்று சொல்ல மாட்டோம். உன் கைப்பேசியில் அழைப்பவன் எத்தனை ஆயத்துகளை அடுக்குகிறான் என்று பார்த்து மயங்காதே. அவன் உன்னை யாரிடமிருந்து பிரிக்கிறான் என்று பார். வாப்பாவுக்கு மார்க்கம் தெரியாது என்கிறானா? உன் உஸ்தாத் விலைபோனவர் என்கிறானா? பள்ளித் தோழன் குமாரோடு பேசாதே என்கிறானா? இது நமக்குள் இருக்கட்டும், வீட்டில் சொல்லாதே என்கிறானா? அவன் கோடு கிழித்துக் கொண்டிருக்கிறான். கோட்டின் அந்தப் பக்கம் நீயும் அவனும் மட்டும் நிற்கும்போது, அவன் உன் கையில் எதைத் தருவான் என்று சொல்லத் தேவையில்லை. அவன் கிழித்த கோட்டை உன் காலால் அழி. எழுந்து போய் உன் வாப்பாவிடம் சொல். குமாரின் வீட்டுக் கதவைத் தட்டு.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் காப்பானாக!